ராத்திரி வேர்த்தால் வாய் திறந்து சொல்லுங்கள்

ஓம் சக்தி. 

வழக்கமா இந்தப் பக்கத்தில் பூஜை நேரம், அன்னதான உபயம், கோத்தோங் ரோயோங் பற்றித்தான் போடுவோம். இன்றைக்கு வேற விஷயம். ஆலய மடைப்பள்ளியில் வேலை செய்யும் எட்டு பெண்கள் நாங்கள். சின்னவருக்கு 43 வயசு, பெரியக்காவுக்கு 61. டைப் பண்ணுவது ஒரு ஆள்தான். பிறை பக்கம் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், படிச்சது ஐந்தாம் படிவம் வரைக்கும். ஆனால் எட்டு பேரும் உட்கார்ந்து பேசி, "இதைப் போடலாம்" என்று முடிவு பண்ணித்தான் போடுகிறோம். யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவரும் சம்மதம் சொல்லிவிட்டார். ஆம்பளைங்களும் படிங்க. பாதி விஷயம் உங்களுக்குத்தான்.

போன ஆடி மாதம் நடந்தது. ஆடி வெள்ளிக்குக் கூழ் வார்க்க விடியக்காலை 4 மணிக்கே அடுப்பு பற்ற வைப்போம். எங்கள் தங்கச்சி ஒருத்தர், 48 வயசு, பத்து வருஷமா ஒரு ஆடி வெள்ளி கூட விட்டதில்லை. அவர் முதல் வெள்ளி வரவில்லை. இரண்டாவது வெள்ளி ஆறரை மணிக்கு வந்தார், கண்ணெல்லாம் சிவந்து போய். கேழ்வரகு மாவைக் கரைக்கச் சொன்னால் கட்டி கட்டியா கரைத்து வைத்தார். பால்குடத்துக்குப் பெயர் எழுதட்டுமா என்று கேட்டோம். "இந்த வருஷம் வேணாம்க்கா" என்றார்.

நாங்கள் என்ன செய்தோம்? என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மகளுக்கு நல்ல வேலை கிடைச்சிருச்சுல்ல, இனிமே சாமி எதுக்கு?" என்று பேசினோம். அவர் காதில் விழட்டும் என்றே பேசினோம். சொல்ல வெட்கமா இருக்கு, ஆனால் உண்மை அதுதான்.

மூன்றாவது வெள்ளியும் ஆள் இல்லை. மறுநாள் காலையில் பெரியக்கா அவர் வீட்டுக்குப் போனார். வாசல் கொடியில் ரெண்டு நைட்டி, பெட்ஷீட், தலையணை உறை எல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. "வீட்ல யாருக்கும்மா காய்ச்சல்?" என்று கேட்டதுதான், அந்தத் தங்கச்சி உடைஞ்சு போய் அழுதுட்டார்.

ஏழு மாசமா தூக்கம் இல்லையாம். ராத்திரி ரெண்டு மணி வாக்கில் நெஞ்சிலிருந்து தலைக்குச் சூடு ஏறும், நெஞ்சு படபடக்கும். நைட்டியைப் பிழிந்தால் தண்ணி சொட்டும். கொஞ்ச நேரத்தில் குளிர் எடுத்து நடுங்கும். சில ராத்திரி மூன்று தடவை. ஏர்கான் சத்தம், விளக்கு போடுவது, துணி மாற்றுவது தாங்காமல் வீட்டுக்காரர் ஹாலில் போய்ப் படுத்துக்கொண்டார். மாதவிலக்கு ரெண்டு மாசம் வராது, அப்புறம் 18 நாளில் வந்து நிற்கும். விரதத்துக்கு நடுவில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் பால்குடத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. இதற்கிடையில் ஒரு ஆள், "உங்களுக்கு யாரோ செஞ்சு வச்சிட்டாங்க" என்று சொல்லி 350 வெள்ளி வாங்கிக்கொண்டு கையில் கயிறு கட்டி விட்டிருக்கிறான்.

கடைசியில் அவர் கேட்ட கேள்வி இது. "அம்மன் என் மேல கோவமா இருக்காங்களாக்கா?"

அன்று சாயந்திரம் குழாயடியில் அண்டா கழுவும்போது பெரியக்கா எங்களிடம் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருத்தர், "எனக்கும்தான்" என்றார். இன்னொருத்தரும் "எனக்கும்" என்றார். எண்ணிப் பார்த்தால் எட்டு பேரில் ஐந்து பேர். வாரா வாரம் ஒரே அடுப்படியில் நிற்கிறோம், ஒருத்தருக்கொருத்தர் சொன்னதில்லை. பெரியக்காவுக்கே 49 வயசில் தொடங்கி ஆறு வருஷம் இருந்ததாம். அடுப்புச் சூடு உடம்பில் ஏறிவிட்டது என்று நினைத்து இளநீர் குடித்தே ஓட்டியிருக்கிறார்.

இது சாபமும் இல்லை, செய்வினையும் இல்லை. மாதவிலக்கு நிற்கப் போகும் காலத்தில் உடம்பு செய்யும் வேலை. பன்னிரண்டு மாசம் தொடர்ந்து வரவில்லை என்றால்தான் முழுசா நின்றுவிட்டது என்று கணக்கு. அது பெரும்பாலும் 50 வயசை ஒட்டி வரும். ஆனால் அதற்குச் சில வருஷம் முன்னாலேயே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி இறங்கி ஆட ஆரம்பிக்கும்.

தொழிற்சாலை ஆளுங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறோம். ஓவனில் டெம்பரேச்சர் கண்ட்ரோலர் இருக்கும். இவ்வளவிலிருந்து இவ்வளவு வரைக்கும் சூடு இருக்கலாம் என்று செட் பண்ணியிருப்போம். நம் மூளையிலும் அந்த மாதிரி ஒரு இடம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. முன்னே கண்டுகொள்ளாத சின்னச் சூட்டுக்கும் அலாரம் அடிக்கும். உடனே தோலுக்கு ரத்தம் பாயும், வேர்வை கொட்டும். உடம்பு தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும், அதனால்தான் பின்னாடியே நடுக்கம். சிலருக்கு ஒரு வருஷத்தில் அடங்கும், சிலருக்கு ஏழெட்டு வருஷம் கூட இழுக்கும்.

தொழிற்சாலையில் நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் லைனில் 50 வயசு ஆபரேட்டர் அம்மா ஒருவர் இருந்தார். கிளீன்ரூமில் எவ்வளவு குளிராக இருந்தாலும் அந்த வெள்ளை ஜம்ப்சூட்டுக்குள் அவருக்கு மட்டும் வேர்த்து ஊற்றும். அடிக்கடி வெளியே போவார், மெஷின் முன்னாடி கண் அசருவார். மூன்று தடவை பார்த்துவிட்டு வார்னிங் லெட்டர் கொடுத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் பெண்தான், ஆனாலும் சொல்ல முடியவில்லை. மூன்று மாசத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த லெட்டரில் கையெழுத்துப் போட்டது இதை டைப் பண்ணும் இதே கைதான். இப்போது இந்தக் கைக்கும் 52 வயசு, இதே வேர்வை. அன்றைக்கு "என்னம்மா ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இன்னொன்றும் கவனமாகப் படிங்க. ராத்திரி வேர்ப்பதெல்லாம் இதுதான் என்று நாமே முடிவு பண்ணக் கூடாது. எங்களில் ஒருவருடைய நாத்தனார் அப்படித்தான் வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டார். கூடவே இருமல், சாயந்திரமானால் லேசாகக் காய்ச்சல், உடம்பும் இளைத்தது. கடைசியில் அது காசநோய், அதுதான் டிபி. ஆறு மாசம் விடாமல் மருந்து சாப்பிட்டுக் குணமானார். தைராய்டு அதிகமானாலும் வேர்க்கும். இனிப்பு நீருக்கு ஊசி, மாத்திரை எடுப்பவர்களுக்கு ராத்திரியில் சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் வேர்க்கும். சில மருந்துகளாலும் வரும். கழுத்திலோ அக்குளிலோ கட்டி, காரணம் இல்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடாதீங்க. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் கழித்துத் துளி ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரைப் பாருங்க.

அந்தத் தங்கச்சியை நாங்கள் ரெண்டு பேர் அரசாங்க கிளினிக்குக்கு கூட்டிக்கொண்டு போனோம். குடியுரிமை உள்ளவர்களுக்கு அங்கே 1 வெள்ளிதான். கயிற்றுக்குக் கொடுத்த 350 வெள்ளியை நினைச்சுக்குங்க. டாக்டர் எல்லாம் கேட்டு, ரத்தம், தைராய்டு, சர்க்கரை பார்த்தார். ரத்தச்சோகையும் இருந்தது. ஹார்மோன் மருந்து பற்றி விளக்கினார். அது எல்லாருக்கும் ஆகாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறையும் கோளாறு, பக்கவாதம் வந்தவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத வேறு மருந்து உண்டு. தங்கச்சிக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். வேர்வை முழுசா நிற்கவில்லை. ஆனால் மூன்று மாசத்தில், தினம் என்பது வாரம் ஒரு தடவையாகக் குறைந்துவிட்டது.

வீட்டில் எங்களுக்குக் கொஞ்சம் உதவியது: பருத்தி நைட்டி, கட்டில் பக்கம் சின்னக் காற்றாடி, மாற்றுத் துணியும் தண்ணியும் கைக்கெட்டும் இடத்தில். ராத்திரியில் கோப்பியும் சம்பல் காரமும் சிலருக்கு வேர்வையைக் கூட்டும், குறைத்துப் பாருங்க. எந்த ராத்திரி வேர்த்தது, மாதவிலக்கு எப்போது வந்தது என்று காலண்டரில் குறித்து வைத்தால் டாக்டருக்குச் சொல்ல வசதி. பாசார் மாலாமில் விற்கும் பெயர் தெரியாத மாத்திரைகளை வாங்காதீங்க. பதிவு பண்ணிய மருந்தென்றால் பெட்டியில் "மால்" என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும்.

ஆம்பளைங்களுக்கு ஒரு வார்த்தை. ஹாலில் போய்ப் படுப்பது தப்பில்லை, உங்களுக்கும் காலையில் வேலை இருக்கு. ஆனால் போவதற்கு முன்னால் ஒரு கிளாஸ் தண்ணி கொண்டு வந்து கொடுங்க. கிளினிக்குக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்க. தங்கச்சியின் வீட்டுக்காரர் இப்போது பெட்ஷீட்டை அவரே மெஷினில் போடுகிறாராம்.

மடைப்பள்ளியில் நாங்களும் ஒன்று முடிவு பண்ணியிருக்கிறோம். ஆலய முறையை மாற்றச் சொல்ல நாங்கள் யாரும் இல்லை. ஆனால் ஒருத்தர் "இன்னைக்கு முடியலைக்கா" என்று சொன்னால் இனிமேல் ஏன் என்று குடைய மாட்டோம், பின்னாடி பேசவும் மாட்டோம். வாசல் பக்கம் காற்றாடிக்கு நேரா ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். வேர்த்தால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

அந்த ஆடி கடைசி வெள்ளிக்குத் தங்கச்சி வந்தார். நாங்கள் எட்டு பேரும் அடுப்படியில் இருந்தோம். பேசினதுக்கு நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் மாவுச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு கரைக்க ஆரம்பித்தார். அன்றைக்குக் கூழில் ஒரு கட்டி கூட இல்லை.

அம்மன் யார் மேலும் கோவமாக இல்லை. உங்கள் வீட்டு அம்மா, அக்கா, மனைவி, அண்ணிக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. கேட்கக் கூச்சமாக இருந்தால் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் மடைப்பள்ளிப் பக்கம் வாங்க. நாங்கள் அங்கேதான் இருப்போம்.

எல்லாருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும். ஓம் சக்தி.