பெட்டியில் இல்லாத சிப்பாய்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது என்ன கொலு பொம்மையா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். கொலு பொம்மை இல்லையப்பா. இரண்டாம் உலகப்போர்ச் சிப்பாய்கள். ஆள் ஒன்றுக்கு உயரம் இரண்டரை சென்டிமீட்டர்கூட வராது. நிஜ ஆளில் 72-ல் ஒரு பங்கு.

என் மகன் பேரனுக்காக வெளிநாட்டிலிருந்து ஒரு ஏர்ஃபிக்ஸ் பெட்டி வாங்கி வந்தான். உள்ளே 40-க்கு மேல் பிளாஸ்டிக் சிப்பாய்கள், வண்ணமில்லாமல். பேரன் இரண்டு நாள் கட்டில் மேல் சண்டை போட்டுவிட்டு செல்போனுக்குப் போய்விட்டான். ரிட்டயர் ஆகிச் சும்மா உட்கார்ந்திருந்த நான் எடுத்துக்கொண்டேன். மார்கழி மாதம் முழுக்கக் கோலம் போட்ட கைக்கு 000 நம்பர் பிரஷ் பெரிய விஷயமில்லை. கண்தான் படுத்தும். பூதக்கண்ணாடி ஸ்டாண்டு ஒன்று வாங்கியபிறகு அதுவும் சரியாகிவிட்டது.

செய்முறை கேட்டவர்களுக்கு: முதலில் சோப்புத் தண்ணீரில் போட்டு பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய பிசுக்கு போகாவிட்டால் பெயிண்ட் உரிந்து வந்துவிடும். பிறகு சோடா மூடியில் பசை வைத்து நிறுத்தி, பிரைமர் அடித்து, அக்ரிலிக் வண்ணம். அது காய்ந்ததும் பழுப்பு வண்ணத்தை ரசம் மாதிரி நீர்க்கக் கரைத்து மேலே விட்டால் சட்டை மடிப்புகளில் போய்த் தங்கி நிழல் விழும். கடைசியில், பிரஷ்ஷில் வண்ணத்தைத் தொட்டுத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேலாக உரச வேண்டும். மேடான இடங்களில் மட்டும் வெளிச்சம் ஏறும். அந்த நிமிஷத்தில் பொம்மைக்கு உயிர் வருவதைப் பார்க்க வேண்டுமே!

முகத்துக்கு வந்தபோதுதான் சிக்கல். 'ஃப்ளெஷ்' என்று பெயர் போட்ட பாட்டிலில் இருப்பது வெள்ளைக்காரர் தோல். பர்மா எல்லையில் சண்டை போட்ட பதினான்காவது ராணுவத்தில் பெரும்பகுதி நம் ஆட்கள்தான். அதனால் பர்ன்ட் சியன்னாவும் எல்லோ ஆக்கரும் கலந்து, கொஞ்சம் பர்ன்ட் அம்பர் சேர்த்து, நானே ஒரு வண்ணம் செய்துகொண்டேன். கேம்லின் டியூப் போதும், வெளிநாட்டுப் பெயிண்ட் தேவையில்லை.

2019 பிப்ரவரியில் மகளும் மருமகனும் கவுகாத்தியில் இருந்தார்கள். அங்கே போன சாக்கில் கோஹிமா, இம்பால் பார்த்துவிடலாம் என்றேன். எங்கள் வீட்டுக்காரருக்கு மலையும் ஏரியும் வேண்டும், எனக்குப் போர்க்களம். "சுடுகாடு பார்க்க யாராவது டிக்கெட் எடுப்பாங்களா?" என்றார். ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் எனக்கு என்று பேசி முடித்தோம்.

திமாப்பூரிலிருந்து கோஹிமா ஏறும் வழியில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. தூசியில் எல்லோரும் ஒரே நிறம் ஆகிவிட்டோம். ஊருக்குள் நுழைந்ததும் அந்த மலைச்சரிவு. படிப்படியாகக் கல்லறைகள், ஒவ்வொன்றிலும் சிறு உலோகத் தகடு, நடுவில் பூச்செடிகள். 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை இங்கே சண்டை. துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு ஒரு பக்கம் ஜப்பானியர், மறுபக்கம் இவர்கள். பந்து அடிக்கிற தூரத்தில் கையெறி குண்டு வீசிக்கொண்டார்கள். இப்போது பங்களா இல்லை. மைதானத்தின் கோடுகளை மட்டும் வெள்ளையாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். நான் காலால் அளந்து பார்த்தேன். நம் பள்ளியில் கோ-கோ ஆடிய இடம் அதைவிடப் பெரிது.

அங்கே 1,420 கல்லறைகள். மேல் பக்கம் இன்னொரு நினைவுச்சின்னம் உண்டு. தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கானது. வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்துத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

அங்கே நிற்கும்போது எனக்கு நம் பட்டாளத்துத் தாத்தா ஞாபகம் வந்தது. 1983-லிருந்து 90 வரை என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். பள்ளியில் மணி அடிப்பார், தண்ணீர்ப் பானை நிரப்புவார், இடது கால் சற்று இழுக்கும். "லெஃப்ட் ரைட் தாத்தா" என்று நீங்கள் கத்திவிட்டு ஓடுவீர்கள். திரும்பியே பார்க்க மாட்டார்.

அவர் பர்மா எல்லையில் பயோனியர் படையில் இருந்தவர். ரோடு போட, பாலம் கட்ட, மூட்டை சுமக்க. துப்பாக்கியைவிட மண்வெட்டி பிடித்ததுதான் அதிகம். ஏன் சேர்ந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டு வேளைச் சோறு டீச்சரம்மா" என்றார். போர்க்கதை ஏதாவது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்றால் ஒரே ஒரு விஷயம்தான் சொல்வார். காட்டில் கனைத்தால் எதிரிக்குக் கேட்டுவிடும் என்று கோவேறு கழுதைகளின் தொண்டையில் அறுவை செய்து சத்தத்தை எடுத்துவிட்டார்களாம். சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடுமாம். கிழவர் கதை விடுகிறார் என்று ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள். பல வருடம் கழித்து நான் படித்துத் தெரிந்துகொண்டேன். பர்மாக் காட்டுக்குள் போன சிண்டிட் படையின் கழுதைகளுக்கு உண்மையிலேயே அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

மறுநாள் மாவோ வழியாக இம்பால் இறங்கினோம். இந்தச் சாலையில் 109-வது மைல்கல் அருகேதான் கோஹிமாவிலிருந்து வந்த படையும் இம்பாலிலிருந்து வந்த படையும் ஜூன் 22 அன்று சந்தித்து முற்றுகையை முடித்தன. ஜன்னல் வழியாக நான் பார்த்தது சாலையைத்தான். மலையை வெட்டி இதைத் தாங்கிப் பிடித்த கைகள் எத்தனை!

அடுத்த நாள் அவருடைய முறை, லோக்தாக் ஏரி. தண்ணீர் மேல் மிதக்கும் புல்திட்டுகள், அதன்மேல் மீனவர் குடிசைகள். அவர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். நானும் போரை மறந்து உட்கார்ந்திருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்திலேயே மொய்ராங். 1944 ஏப்ரல் 14 அன்று இந்திய தேசிய ராணுவம் கொடி ஏற்றிய ஊர். அருங்காட்சியகத்தில் பழைய படங்கள். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜி படையில் சேர்ந்த நம் தமிழர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதாவது, பஞ்சம் தாங்காமல் ஒருவர் கப்பலேறினார், இன்னொருவர் பட்டாளத்தில் சேர்ந்தார். இரண்டு பேரும் ஒரே போரில் எதிரெதிர்ப் பக்கம்.

ஊர் திரும்பியதும் ஐ.என்.ஏ. வீரர்கள் சிலரைச் செய்தேன். அந்தப் பெட்டி கடையில் கிடையாது, இருப்பதை மாற்றித்தான் செய்ய வேண்டும். முகத்துக்கு அதே கிண்ணம், அதே கலவை. காக்கியும் ஏறக்குறைய அதேதான். பட்டையும் சின்னமும் மட்டும் வேறு. இரண்டு தரப்பையும் ஒரே அலமாரித் தட்டில் நிறுத்தினேன். தம்பி பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டான். "வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டவனையும் நேதாஜி ஆளையும் ஒண்ணா வைப்பியாக்கா?" என்றான். இந்தப் பதிவை அவனும் படிப்பான், படிக்கட்டும். குடியரசு தினத்தன்று தியாகி ஐயாவை மேடையில் உட்கார வைத்து நாம் மாலை போட்டோம், அது நியாயமானது. அதே விழாவில் கொடிக்கம்பத்துக்குக் கயிறு கட்டிவிட்டு ஓரமாக நின்ற தாத்தாவுக்குப் பென்ஷனும் இல்லை, மாலையும் இல்லை. சோற்றுக்குப் போனவரை எந்தப் பக்கத்து ஆள் என்று நான் எப்படிப் பிரிப்பேன் தம்பி? தட்டு மாறாது.

இப்போது தாத்தாவைச் செய்துகொண்டிருக்கிறேன். எந்தப் பெட்டியிலும் மண்வெட்டி பிடித்த தமிழர் இல்லை. அணிவகுத்து நடக்கும் ஒரு சிப்பாயின் துப்பாக்கியை பிளேடால் சீவி எடுத்தேன். தென்னை ஈர்க்கின் நுனியில் மண்வெட்டிக் காம்பு, குளிர்பான டின் தகட்டில் இலை. பட்டாணி அளவு எம்-சீலில் ஒரு மண்கூடை. இடது காலைச் சுடுதண்ணீரில் காட்டிச் சற்று வளைத்தேன். பக்கத்தில் ஒரு கோவேறு கழுதை. குதிரையைத்தான் மாற்றினேன், காது மட்டும் நீட்டினேன். வாய் திறந்திருக்கிறது.

உடுப்பு, பூட்ஸ், கூடை எல்லாம் முடிந்துவிட்டது. முகம் மட்டும் பாக்கி. தாத்தா 1991-ல் போய்விட்டார், அவர் படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. மூன்று மில்லிமீட்டர் முகத்துக்குப் போட்டோவா என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். இருந்தாலும் கேட்கிறேன். அந்த வருடங்களின் ஐந்தாம் வகுப்புக் குழுப்படம் யாரிடமாவது இருந்தால் பாருங்கள். வழக்கமாகப் படத்துக்கு நிற்க மாட்டார். ஆனால் ஏதோ ஒரு வருடம் வேப்பமரத்தடியில், கடைசி வரிசைக்குப் பின்னால் மணிக்கட்டையோடு நின்றது ஞாபகம். கிடைத்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். மீசை நரைத்திருந்ததா, மழித்திருந்தாரா என்பதையாவது யாராவது சொல்லுங்கள்.