தயிர் சாதப் பூனை

தளவானூர்னு சொன்னா பலருக்கு மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் குகைக் கோயில் ஞாபகம் வரும். எனக்கு அத்தை வீடும் மணியும்தான். மணி ஒரு பூனை. பேரைப் பார்த்து ஆண்னு நினைச்சுடாதீங்க. குட்டி போட்டப்பதான் எங்களுக்கே தெரிஞ்சது :)

அத்தை வீடு சுத்த சைவம். மணிக்கும் காலையில பால், மதியம் தயிர் சாதம். எலியைக் கவ்விட்டு வந்தா பிடுங்கி எறிஞ்சிடுவாங்க. முதல் பிரசவத்துல மூணு குட்டி. ஒண்ணுகூடத் தங்கலை. மணி ரெண்டு நாள் கத்திக்கிட்டே தேடிச்சு. அத்தையும் சரியா சாப்பிடலை.

மறுபடி மணி சினையா இருக்குன்னதும், நெட்ல மேய்ஞ்சு, ஒமேகா-3 நல்லதாம்னு ஆளி விதை எண்ணெய் வாங்கிட்டுப் போனேன். சைவமும் ஆச்சு, சத்தும் ஆச்சு! கால்நடை டாக்டர்கிட்ட பெருமையா சொன்னா, சிரிச்சுட்டார்.

விஷயம் இதுதான். தாவர எண்ணெய்ல இருக்கிற லினோலெயிக் அமிலத்தை நம்ம உடம்பு அரக்கிடோனிக் அமிலமா மாத்திக்கும். நாயும் மாத்திக்கும். பூனைக்கு அந்த என்சைம் ரொம்பக் கம்மி. 1975-லயே ரிவர்ஸ், சின்க்ளேர், க்ராஃபோர்டுன்னு மூணு பேர் நேச்சர் இதழ்ல இதை எழுதிட்டாங்க. அரக்கிடோனிக் அமிலம் ஒமேகா-6 வகை. பெண் பூனை நல்லபடியா குட்டி போட அது அவசியம். முட்டை மஞ்சக்கரு, கோழி, ஈரல்ல கிடைக்கும். குட்டியோட மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஎச்ஏங்கிற ஒமேகா-3, மத்தி, நெத்திலி மாதிரி மீன்ல இருக்கு. தாய் சாப்பிட்டாத்தான் கருவுக்கும் பாலுக்கும் போய்ச் சேரும். ஆளி விதையில இருக்கிறது வேற ஒமேகா-3. அதைப் பூனையால டிஎச்ஏவா மாத்திக்க முடியறது சொற்பம்.

"அப்ப மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்கலாமா சார்?"

"அளவு தெரியாம வேணாம். காட் லிவர் எண்ணெய்னா வைட்டமின் ஏ அதிகமாகி எலும்பு கெடும். வெறும் மீனே போட்டாலும் வைட்டமின் ஈ குறைஞ்சு உடம்புக் கொழுப்பு வீங்கும். குட்டிகளுக்குன்னு விக்கிற நல்ல உணவுல எல்லாம் அளவா கலந்திருக்கும். சினைப் பூனைக்கும் அதையே போடுங்க. முட்டை, மீன் எல்லாம் மேல கொஞ்சமா."

போன தடவை குட்டிங்க செத்ததுக்கு இதுதான் காரணம்னு அவர் சொல்லலை. ஆனா திரும்பி வர்ற வழியெல்லாம் அத்தை பேசவே இல்லை. வீட்டு வாசல்ல நின்னு, "அப்ப நான்தான் அதைப் பட்டினி போட்டேனாடா?"ன்னாங்க.

"தெரியாமத்தானே அத்தை..." அதுக்கு மேல எனக்கு வார்த்தை வரலை.

மறுநாள் கொல்லையில தனி அடுப்பு, தனிச் சட்டி. முட்டை வெந்துச்சு. பத்து நாள் கழிச்சு போன். "மத்தி வாங்கியிருக்கேன். உப்பு போடாமதானே வேக வைக்கணும்? முள்ளை எப்படிடா எடுக்கிறது?" முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டுப் பேசறாங்கன்னு குரல்லயே தெரிஞ்சது.

இந்தத் தடவை நாலு குட்டி. மூணு பொழைச்சு, இப்ப அத்தையோட புடவையெல்லாம் கிழிக்குதுங்க.

ஆளி விதை எண்ணெயா? அதை நான்தான் குடிச்சுக்கிட்டிருக்கேன் :)

உங்க வீட்டுலயும் தயிர் சாதப் பூனை இருக்கா? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. நம்ம பாசத்தை நம்ம தட்டுல இருக்கிறதை வெச்சு மட்டும் காட்டக் கூடாதுங்க.