முல்டே ஆற்றங்கரையில்

லைப்சிக்கிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில், முல்டே ஆற்றங்கரையில் கிறிம்மா என்றொரு சிறு நகரம் உண்டு. தொழிற்சாலை லீவு நாளொன்றில் அங்கு போயிருந்தேன். பழைய வீட்டுச் சுவர்களில் என் தலைக்கும் மேலே கோடு கீறி, 2002 என்று எழுதியிருக்கிறார்கள். அது வெள்ளம் நின்ற உயரம்.

அவ்வருடம் ஓகஸ்ட் 12இல் ஏர்ஸ் மலைகளில் பெருமழை. சின்வால்ட் என்ற இடத்தில் ஒரே நாளில் 312 மில்லிமீற்றர் பெய்தது. மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் கிறிம்மாவின் வீடுகளையும் கடைகளையும் மூழ்கடித்தது. 18ஆம் நூற்றாண்டுப் பாலத்தையும் சிதைத்தது. முன்பின் அறியாதவர்கள் பல ஊர்களிலிருந்தும் மண்வெட்டியோடு வந்து சேறு அள்ளினார்கள். பாலம் 2012இல் மீண்டும் திறக்கப்பட்டது.

கோட்டைப் பார்த்ததும் எங்கள் மட்டக்களப்புச் சூறாவளிதான் நினைவுக்கு வந்தது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த அந்தக் காற்று 900 பேருக்கு மேல் பலிகொண்டது. அம்மாவுக்கு அப்போது பத்து வயது. கூரை பறந்த கதையைவிட, மறுநாள் ஓலைப்பெட்டியில் சோறு கொண்டுவந்த, ஊர் பேர் தெரியாத பெண்மணியைப் பற்றித்தான் அவர் அதிகம் சொல்வார். அவருக்கு நன்றி சொல்லவில்லையே என்பது அம்மாவின் தீராத குறை.

வெள்ளத்தின் உயரத்தைச் சுவரில் கீறலாம். சோறு தந்த கையை எழுதி வைத்தால்தான் உண்டு. வாசகர்களே, சூறாவளி கண்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அன்று கைகொடுத்தவர் யாரென்று கேட்டு எழுதி அனுப்புங்கள்.