புல்லில் ஒரு முடிச்சு

திருவண்ணாமலை சுற்றி வருகிறவர்களின் ஊர். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். எங்கே புறப்பட்டோமோ அங்கேயே வந்து சேருகிற பாதை. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். யாரும் யாரிடமும் வழி கேட்பதில்லை. முன்னால் போகிறவனின் முதுகு தெரிந்தால் போதும். இந்த ஊரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதியும், தமிழிலும் சரி ஆங்கிலத்திலும் சரி, இப்படி மலையைச் சுற்றியே வந்திருக்கிறது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஊரைவிட்டு வெளியே போகிற சாலைகளுக்கு வேறு குணம். அவை கிளை பிரிகின்றன. கிளை பிரிகிற இடத்தில் இன்னொரு மனிதனின் வாய்ச்சொல் தேவையாகிவிடுகிறது. நான் எழுத உட்கார்ந்தது அந்த வாய்ச்சொல்லைப் பற்றி.

நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. சுற்று வட்டாரத்துக் கிராமங்களெல்லாம் எனக்கு முதலில் பாஸ்புத்தகத்து முகவரிகளாகத்தான் அறிமுகம். பயிர்க்கடனுக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் அடங்கலில் நிலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து என்பதற்கு ஓர் இடம் உண்டு. ஏரி, அல்லது கிணறு. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் கரை, மதகு, கலங்கல், பனைமரம், ஆயக்கட்டு, அதன்மேல் நடக்கும் சண்டை எல்லாம் இருக்கின்றன என்பது கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு எட்டாது. 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறையாயின. அந்தச் சனிக்கிழமைகளில், கியர் இல்லாத ஒரு பழைய சைக்கிளில், அடங்கலில் படித்த ஊர்களைப் பார்க்கப் போகத் தொடங்கினேன். உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். வாஸ்தவத்தில் அது படிக்கிற ஆசையின் இன்னொரு வடிவம் என்றே படுகிறது.

மூன்று வழிகள் எனக்குப் பழக்கம். தென்மேற்கே தண்டராம்பட்டு வழியாகச் சாத்தனூர் அணை. மேற்கே செங்கம், சுமார் 35 கிலோமீட்டர். வடக்கே கலசபாக்கம் வழியாகப் போளூர், அங்கிருந்து அத்திமூரைக் கடந்து வளைவு வளைவாக ஏறினால் ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூர். முதல் வழியில் ஏரிகளும் காப்புக்காடும் மாறி மாறி வரும். இரண்டாவது வழியும் மூன்றாவது வழியும் ஒரே ஆற்றைத் தொடுகின்றன. ஜவ்வாது மலையில் பிறந்து செங்கத்தைத் தொட்டு, கலசபாக்கத்தருகே ஓடி, கடைசியில் பாலாற்றில் சேரும் செய்யாறு. ஓடி என்று எழுதியது பழக்கத்தினால். வருஷத்தின் பெரும்பகுதி அது மணல்.

சைக்கிளின் வேகம் விசித்திரமானது. பஸ்ஸில் போகிறவனுக்கு இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருப்பது வெறும் நேரம். சைக்கிளில் போகிறவனுக்கு அது ஏற்றம், எதிர்க்காற்று, தார் பெயர்ந்த இடம், நாய். கைபேசியின் வரைபடம் தூரத்தையும் திருப்பத்தையும் துல்லியமாகச் சொல்கிறது. அதற்கு மேல் உள்ளதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் தண்டராம்பட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் ஏரிக்கரைப் பிரிவில் நின்றேன். ஆடு ஓட்டிக்கொண்டிருந்த கிழவி, நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தாள்:

“சோத்தாங்கைப் பக்கமா போ நைனா. ஏரி கோடி போவுது. பாசி புடிச்சிக் கீது, சைக்கிளவுட்டு எறங்கித் தள்ளிக்கினு போ. அந்தக் கொட்டாயண்ட நாய் கீது, ஓடாத, நின்னுடு. தாண்டிட்டா எங்க தம்பி ஊடு, தண்ணி கேட்டா குடுப்பாங்க.”

எத்தனை கிலோமீட்டர் என்று அவள் சொல்லவில்லை. எங்கே வழுக்கும், எது கடிக்கும், எங்கே தண்ணீர் கிடைக்கும். மூன்று விஷயங்கள், இந்த வரிசையில்.

இதே வரிசையை நான் வேறோர் இடத்தில் படித்திருந்தேன். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம், 583 அடி. பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற கூத்தன், வறுமையில் எதிரே வருகிற கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். பாட்டில் வருகிற சேயாறு இந்தச் செய்யாறுதான். அதில் வருகிற நவிர மலையைப் போளூர்ச் சாலையிலிருந்து மேற்கே தெரிகிற பர்வதமலை என்று அடையாளம் சொல்கிறார்கள். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியது 1889-இல். அதற்குப் பிறகு நாம் இந்தப் பாட்டை வள்ளல் புகழ்ச்சி என்றும், இயற்கை வருணனை என்றும், திணைக்கு உதாரணம் என்றும் படித்துவந்திருக்கிறோம். இந்தச் சாலைகளில் அலைந்தபின் எனக்கு அது முதன்மையாக ஒரு வழிக்குறிப்பு. வருணனை என்று பெயர் பெற்ற பகுதிகளில் பாதி, எச்சரிக்கை. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், விடிந்தபின் போங்கள். குழிகளில் பாம்பு இருக்கும். யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், ஒதுங்கிப் போங்கள். நீரோரம் பாசி காலை வாரிவிடும், பற்றிக்கொண்டு நடங்கள். பிறகுதான் எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும் என்கிற பேச்சு.

அதில் ஒரு விஷயம் என்னை நெடுநாள் விடவில்லை. மயில் ஆடித் தளர்ந்தாலும், மூங்கில் கொம்பில் குரங்கு தாவினாலும், செங்குத்துப் பாறையில் தேன்கூடு தொங்கினாலும், சட்டென்று திரும்பிப் பார்த்துவிடாதீர்கள், வரிசையாகப் போகிற உங்கள் காலடி வழி தவறும் என்கிறான் கூத்தன். கண்ணுக்கு இவ்வளவையும் காட்டிவிட்டுப் பார்க்காதே என்று சொல்கிற ஒரு கவிதை! முதலில் இதை ஓர் அலங்காரமாகத்தான் எடுத்துக்கொண்டேன். போளூர் மலைச்சாலையில் இறங்கும்போது, ஒரு கை பிரேக்கில் அழுந்தியிருக்க, பள்ளத்தாக்கைப் பார்க்கக் கழுத்து தானாகத் திரும்புகிற கணத்தில், அது அலங்காரம் இல்லை என்று தெரிந்தது.

பி.ஏ. ஆங்கிலத்தில் எங்களுக்கு வேர்ட்ஸ்வொர்த் உண்டு. பார்த்திராத பூவைப் பற்றிப் பதினைந்து மதிப்பெண்ணுக்கு எழுதினோம். பாடத்தில் இல்லாத இன்னொரு வேர்ட்ஸ்வொர்த்தைப் பின்னால் தெரிந்துகொண்டேன். தன் ஏரி நாட்டுக்கு அவர் ஒரு வழிகாட்டிப் புத்தகமே எழுதியிருக்கிறார். 1810-இல் ஒரு சித்திரத் தொகுப்புக்கு முன்னுரையாக ஆரம்பித்து, 1835 வரை திருத்தி வளர்த்தது. அவருக்கு முன்பே, 1778-இல், தாமஸ் வெஸ்ட் என்பவர் அதே ஏரிகளுக்கு ஒரு வழிகாட்டி போட்டிருந்தார். எந்த இடத்தில் நின்றால் காட்சி சித்திரம் போல அமையும் என்று நிலையங்கள் குறித்துக் கொடுத்தவர் அவர். வேர்ட்ஸ்வொர்த் அதைவிட ஆழமானவர். பாறை, நீர், வீடு, மரம் ஒன்றோடொன்று பொருந்தி வளர்ந்த விதம் அவருக்குத் தெரியும். ரயில் வரக்கூடாது என்று 1844-இல் சண்டை போட்டவர். ஆனாலும் அவருடைய வாசகன் சாப்பிட்டுவிட்டு வந்தவன். அவனுக்கு வேண்டியது பார்வை. மலைபடுகடாத்தின் கேட்போன் பசியோடு, பிள்ளைகுட்டியோடு, முதுகில் வாத்தியங்களோடு நிற்கிறவன். அவனுக்கு வேண்டியது கால் வைக்க இடம். இரண்டும் இயற்கைக் கவிதைதான் என்று ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டுகிற நம் ஒப்பியல் ஆய்வுகளில் தொலைந்துபோகிறது இந்த வித்தியாசம்.

செங்கம் வட்டாரத்துப் பிரிவுகளில் கூத்தன் இன்னொன்றையும் காட்டுகிறான். போரில் பட்ட மறவர்களின் பெயர் பொறித்த கற்கள். கவிதையின் காலத்துக் கற்கள் எவை என்று தெரியாவிட்டாலும், பல்லவர் காலத்து நடுகற்கள் இங்கே ஏராளமாகக் கிடைத்தன. வட்டெழுத்தில் பொறித்தவை. தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் செங்கம் நடுகற்கள் என்று அவற்றைப் புத்தகமாகவே கொண்டுவந்தது. எடுத்தனூர்க் கல் ஒன்றில், மகேந்திரவர்மன் காலத்தில், செத்த வீரனின் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல் சொல்கிறது. ராஜாவின் பெயரும் நாயின் பெயரும் ஒரே கல்லில். இங்கே வீழ்ந்தவன் இன்னான் என்பதைப் பின்னால் வருகிறவனுக்குச் சொல்லாமல் விடக்கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு அழகியல் இல்லை.

விமர்சனம் என்று நாம் செய்துவருவது என்ன என்கிற கேள்வி இந்த இடத்தில் எனக்கு வருகிறது. ஐநூறு பேர் படிக்கிற பத்திரிகைகளில் நாம் எழுதுவது, பெரும்பாலும், நாம் நின்ற நிலையத்திலிருந்து தெரிந்த காட்சி. படைப்பைச் சுற்றி வருகிறோம்; புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து தரிசனம் ஆயிற்று என்கிறோம். ஆற்றுப்படுத்துகிறவன் அப்படி அல்ல. அவன் போய்வந்தவன். எதிரே நிற்பவன் போக வேண்டியவன். இந்த நாவலில் நூறு பக்கத்துக்கு மேல் மூச்சு வாங்கும், இந்தக் கவிஞனிடம் இந்தச் சொல் வழுக்கும், இங்கே பசி ஆறும் என்று சொல்ல, சொல்கிறவன் முதலில் அந்தப் பாதையில் தன் காலால் நடந்திருக்க வேண்டும். நன்னனைப் புகழ்ந்ததற்காகப் பெருங்கௌசிகனாரைப் பிரச்சாரகர் என்று ஒதுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பரிசிலைச் சொல்வதற்கு முன் ஆபத்தை அவர் ஒளிக்கவில்லை.

ஆபத்தை ஒளிக்கிற வழிகாட்டிகளும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரை ஆந்திரப் போலீசின் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. இறந்தவர்கள் தமிழர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தவர் பலர். ஜவ்வாது மலைப்பகுதியிலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். நான் மூச்சிரைக்க ஏறுகிற அதே மலையிலிருந்து, காடு தெரிந்தவர்கள், மரம் வெட்டத் தெரிந்தவர்கள், கூலிக்கு என்று கூட்டிப்போகப்படுகிறார்கள். தரகனும் வழி சொல்கிறவன்தான். எங்கே பஸ் ஏறவேண்டும், எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சொல்லுவான். பரிசிலை முதலில் சொல்லி, பொறியையும் குழியையும் சொல்லாமல் விடுகிற ஆற்றுப்படை அது. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக் காவலூரில் 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இரவெல்லாம் நட்சத்திரங்களைப் பார்க்கிறது. அதே இரவில் மலையடிவாரத்தில் வண்டி ஏறுகிறவர்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்ல ஆள் இல்லை.

சாத்தனூருக்கும் இந்தக் கதை பொருந்தும். 1958-இல் கட்டி முடித்த அணை, முழு உயரம் 119 அடி. 2024 டிசம்பர் முதல் வாரத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில், ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கன அடி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கீழ்ப்புறத்து ஊர்களுக்குள் புகுந்தது. எச்சரிக்கை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று அப்புறம் பல நாள் வாதம் நடந்தது. யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் வாதத்தின் பொருள் எனக்குப் பழக்கமானது: மேலே இருப்பவனுக்குத் தெரிந்தது கீழே இருப்பவனுக்கு அவன் காலம் தாழ்வதற்குள் சொல்லப்பட்டதா? கிழவிக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

மலைபடுகடாத்தில், பாதைகள் பின்னிக் குழம்புகிற ஒரு கவலையில், இந்த நிலத்துக்குப் புதியவர்களான நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள் என்கிறான் கூத்தன். பிரிவைத் துடைத்துச் சரியாக்கி, போகிற வழியில் புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போங்கள். அவர்களுக்கே வழி புதிது. இருந்தும், தங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அவர்கள் கடமைப்பட்டுவிடுகிறார்கள். முடிச்சில் போட்டவன் பெயர் இராது. இரண்டு வெயிலில் காய்ந்துவிடும். அதற்குள் யாராவது வந்தால் உபயோகம். சிறுபத்திரிகையின் ஆயுளைப் பற்றி நண்பர்கள் புலம்பும்போது எனக்கு இந்த முடிச்சு ஞாபகம் வருகிறது.

ஆகவே என் பங்குக்கு. போளூரிலிருந்து மேலே ஏறுகிறவர்கள் விடியுமுன் புறப்படுவது நல்லது. ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏற்றத்தோடு சேர்ந்துகொள்ளும். அடிவாரத்திலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். பிரேக் கட்டைகளைப் பார்க்க வேண்டியது ஏறும்போது அல்ல, முந்தின நாள். மேலே சாமை விளைகிற பருவமானால் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். வளைவுகளில் பள்ளத்தாக்கைப் பார்க்க ஆசை வந்தால், முதலில் சைக்கிளை நிறுத்துங்கள்.