வாப்பா தொட்ட தூண்

தரம் ஆறில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கட்டட ஒப்பந்தகாரர்' என்று எழுதினேன். என் வாப்பா மேசன். பக்கத்துக் கதிரைக்காரியின் வாப்பா அதிபர் என்பதால் வந்த பொய் அது. பிறகு மறந்தும் போனேன்.

போன வருடம் வாப்பாவின் இரு கண்களிலும் புரை முற்றியது. ஒரு கண்ணில் சுண்ணாம்பு தெறித்த பழைய தழும்பும் இருந்ததால், கத்தாரில் இருக்கும் நானா காசு அனுப்பி மதுரைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். மாமாவோடு நானும் துணைக்குப் போனேன். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் சும்மா இருந்தோம். திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்க வேண்டுமென்று நான் அடம்பிடித்தேன். "கண் தெரியாத மனிசனுக்கு அரண்மனையா?" என்று மாமா முணுமுணுத்தார்.

உள்ளே நுழைந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. பெரிய முற்றம். அதைச் சுற்றி வரிசை வரிசையாக வெள்ளைத் தூண்கள். மொத்தம் 248 என்கிறார்கள். 1636இல் கட்டியது. தூண்களுக்கு மேலே, நம் பள்ளிவாசல்களில் காண்பது போன்ற இதழ் இதழாய் மடிந்த வளைவுகள். அதற்கும் மேலே யாளிச் சிற்பங்கள். ஒரு இந்து மன்னரின் அரண்மனையில் இரண்டும் சண்டையில்லாமல் சேர்ந்திருந்தன.

வாப்பாவுக்கு அதெல்லாம் வெறும் வெள்ளை மூட்டம். அவர் ஒரு தூணருகே போய் உள்ளங்கையை வைத்தார். மெல்லத் தடவினார்.

"இது சீமெந்து இல்ல மகள். சுண்ணாம்பு. என்ன வழவழப்பு!"

செங்கல்லில் கட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புச் சாந்து பூசியதாகச் சொல்கிறார்கள் என்றேன். தலையாட்டினார். கொஞ்சம் தள்ளி விரல் நின்றது. "இங்க யாரோ பேர் கீறியிருக்கான். கேடு கெட்டவன்." உண்மைதான், தூணெல்லாம் காதலர் பெயர்கள்.

சொர்க்கவிலாசத்தின் குவிமாடத்தைச் சொன்னபோதுதான் நிமிர்ந்தார்.

"கம்பி இல்லாமலா?"

"கம்பியும் இல்ல, உத்திரமும் இல்ல வாப்பா."

"அப்ப கல்லுக்குக் கல்லுதான் முட்டு. ஒண்டு வழுகினா எல்லாம் வரும்."

நாயக்கரின் பேரன் சொக்கநாதர் இந்த அரண்மனையின் பெரும்பகுதியை உடைத்துத் திருச்சிக்குக் கொண்டுபோனதையும், எஞ்சியதை 1866 முதல் 1872 வரை நேப்பியர் பிரபு திருத்தியதையும் வாசித்துக் காட்டினேன். மன்னர்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "பூசினவன்ட பேர் எங்கயும் இருக்கா?" என்றுதான் கேட்டார். தேடினேன். இருக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் சொன்னார்: "ரெண்டு வருஷமா நானும் கையாலதான் பூசுறன். கண்ணுக்கு ஒண்டும் தெரியிறல்ல."

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் குசினிச் சுவர் எனக்கு நினைவுக்கு வந்தது. சுவர் கோணல் என்று அவர்கள் கடைசிக் கூலியைத் தராமல் விட்டார்கள். வாப்பா வாய் திறக்கவில்லை. கவனமில்லாமல் செய்திருப்பார் என்று நானும் நினைத்தேன். உம்மாவிடம் சொல்லவும் செய்தேன். கண் தெரியாதென்று சொன்னால் யார் வேலை தருவார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஊர் வந்து இரண்டு மாதம் கழித்து, வைத்தியர் அனுமதித்த பிறகு, வாப்பா முதலில் போனது அந்த வீட்டுக்குத்தான். தூக்குக்குண்டைப் பிடித்துச் சுவரை வெகுநேரம் பார்த்தார். "கோணல்தான்" என்றார். கொத்தி உதிர்த்து மறுபடி பூசினார். கூலி கேட்கவில்லை. பாடசாலை விட்டு வந்து நான் தண்ணீர் தூக்கிக் கொடுத்தேன், சீருடையோடுதான்.

முடித்துவிட்டு, "கண்ண மூடித் தடவிப் பாரு மகள்" என்றார். தடவினேன். இடது மூலையில் சின்ன மேடு ஒன்று தட்டுப்பட்டது. சொன்னேன்.

மட்டப்பலகையை மறுபடி எடுத்தார்.