சீக்காளி என்றொரு பட்டம்

2025ஆம் ஆண்டு ரமலானின் கடைசிப் பத்தில் ஓர் இரவு. தராவீஹ் தொழுகை முடிந்து வெளியே வந்த நாங்கள், சங்கரன்கோவிலில் எங்கள் தெருமுனையில் உள்ள தேநீர்க் கடையில் வழக்கம்போல் நின்றோம். கடைத் தொலைக்காட்சியில் டெல்லி அணிக்கும் லக்னோ அணிக்கும் ஐ.பி.எல். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. டெல்லி அணியின் பந்துவீச்சாளர்களில் நடராஜன் இல்லை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் நடராஜனைத்தான் சொல்கிறோம். நான்கு மாதங்களுக்கு முன் ஜித்தாவில் நடந்த ஏலத்தில் அவரைப் பத்தே முக்கால் கோடி ரூபாய்க்கு அந்த அணி எடுத்திருந்தது.

“நட்டு இன்னைக்கும் இல்லையா?” என்று ஒருவர் கேட்டார். “அவன் சீக்காளிப்பய. கோடி கோடியாக் கொடுத்துச் சீக்காளியை வாங்கிட்டு வந்திருக்கானுவ” என்றார் மற்றொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

எங்களோடு வந்திருந்த அத்தா சிரிக்கவில்லை. பாதி குடித்த தேநீர்க் குவளையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வீட்டை நோக்கி நடந்தார். அவர் தெருவைக் கடந்த பிறகுதான் அந்தச் சொல் யாருடைய பெயராக இருந்தது என்பது எங்களுக்கு உறைத்தது.

எங்கள் ஊர் தறிகளின் ஊர். சங்கரன்கோவில் சேலை என்றால் அறியாதவர் தென்மாவட்டங்களில் குறைவு. அத்தா இருபத்தெட்டு ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். ஒருநாள் நாடா தெறித்து அவருடைய வலது மணிக்கட்டில் அடித்தது, எலும்பு முறிந்தது. ஆறி வேலைக்குத் திரும்பிய மறு ஆண்டு சிக்குன்குனியா வந்து மூட்டுகளை முடக்கியது. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. ஆனால் தறிக்கூடங்களில் அவருக்குச் ‘சீக்காளி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. வேறு கூடத்தில் வேலை கேட்டுப் போனபோது, “உங்களை நம்பித் தறியை விட முடியாதே, பாய்” என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று அவர் வீட்டுக்கு வந்து அமர்ந்திருந்த கோலத்தைப் பிள்ளைகளாகிய நாங்கள் கண்டிருக்கிறோம். கண்டிருந்தும் அந்தச் சொல்லுக்குச் சிரித்தோம்.

அந்த இரவு ஸஹர் வரை எங்களுக்கு உறக்கமில்லை. நடராஜனுக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று நேர்மையாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். அத்தாவைப் பற்றி நேரடியாகப் பேசும் துணிவு எங்களுக்கு இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

நடராஜனும் தறி வீட்டுப் பிள்ளைதான். அவருடைய தந்தை விசைத்தறித் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் கடை போட்டுப் பிழைத்தவர். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2015 ஜனவரியில் தமிழ்நாட்டு அணிக்காக ரஞ்சிப் போட்டியில் கால்வைத்தார். முதல் ஆட்டத்திலேயே அவருடைய பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியது என்று புகார் எழுந்தது. கையின் பழக்கத்தையே மாற்றிக்கொண்டு மீண்டு வந்தார். 2017இல் பஞ்சாப் அணி அவரை மூன்று கோடிக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு ஹைதராபாத் அணிக்குப் போனார். 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட அவர் களமிறக்கப்படவில்லை.

ஆடாமல் இருப்பதும் அடிபட்டு இருப்பதும் ஒன்றல்ல என்பதே இதில் நாம் பார்க்க வேண்டிய முதல் செய்தி. ஒருவரைக் களத்தில் காணவில்லை என்றதும் அவர் படுக்கையில் இருப்பதாக நாம் முடிவுகட்டிவிடுகிறோம். அணியில் இடமில்லாமல் போயிருக்கலாம். தலைவரின் திட்டம் வேறாக இருந்திருக்கலாம். வராத நாள்களையெல்லாம் நோய்க்கணக்கில் எழுதுவது நீதியான கணக்காகாது.

2020இல் வாய்ப்பு வந்தது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை அமீரகத்தில் நடந்த ஐ.பி.எல். தொடரில் பதினாறு ஆட்டங்களிலும் பந்து வீசினார். அங்கிருந்து வீடு திரும்பாமலே, வலைப்பயிற்சியில் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அந்த நவம்பரில் அவருக்கு மகள் பிறந்தாள். குழந்தையின் முகத்தைப் பார்க்க அவருக்கு ஜனவரி வரை ஆயிற்று. டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்திலும் இருபது ஓவர் ஆட்டத்திலும் அறிமுகமானார். 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பியும் கிடைத்தது. ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவரே.

அந்த டெஸ்ட் வாய்ப்பு எப்படி வந்தது? ஷமிக்குக் கையில் எலும்பு முறிவு. உமேஷுக்குக் கெண்டைக்காலில் காயம். பும்ராவுக்கு வயிற்றுத் தசையில் வலி. அஸ்வினும் ஜடேஜாவும்கூட ஆட முடியாத நிலை. பிரிஸ்பேனில் களமிறங்கிய நவ்தீப் சைனியும் ஆட்டத்தின் நடுவிலேயே தொடை இடுக்கில் காயப்பட்டார். அத்தனை பேர் விழுந்த இடத்தில் விழாமல் நின்றவருக்குத்தான் நாம் பின்னாளில் சீக்காளி என்று பெயர் வைத்தோம்.

அதன் பிறகு நடந்ததையும் மறைக்கக் கூடாது. 2021 மார்ச் 28 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில், கடைசி ஓவரில் 14 ரன்களைக் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மறுமுனையில் நின்று அடித்துக்கொண்டிருந்தவர் சாம் கர்ரன். நடராஜன் காத்தார்; இந்தியா 7 ரன்களில் வென்றது. அடுத்த மாதம் ஐ.பி.எல்.லில் இரண்டு ஆட்டங்களோடு முழங்கால் நின்றுபோனது; ஏப்ரல் இறுதியில் அறுவை சிகிச்சை. செப்டம்பரில் துபாயில் ஆடத் தயாரானபோது கொரோனா தொற்று உறுதியாயிற்று. புனே ஆட்டத்துக்குப் பின் நான்கு ஆண்டுகள் கடந்தும் இந்திய அணியின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. முழங்கால் அவரிடம் வாங்கிய விலை சிறிதன்று.

ஆனால் காரணங்களைப் பிரித்துப் பாருங்கள். முழங்கால் ஒன்று, தொற்று வேறொன்று. தொற்று, உடல் உறுதியானவரையும் விட்டுவைக்காத காலம் அது. முழங்காலோ ஏழு மாத ஓயாத உழைப்புக்குப் பிறகு பழுதானது. வேகப்பந்து வீச்சாளர் ஒவ்வொரு முறை பந்தை விடும்போதும் அவருடைய முன்காலில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை இறங்குகிறது. அது குதிகாலிலிருந்து முழங்கால் வழியாக முதுகுவரை ஏறுகிறது. ஒரு தறியை இரவும் பகலும் எண்ணெய் விடாமல் ஓட்டிவிட்டு, அது நின்றதும் மட்டமான தறி என்று சொல்லும் முதலாளியை நாங்கள் அறிவோம். குறை தறியில் மட்டும் இல்லை.

அறுவைக்குப் பிறகான கணக்கையும் பார்த்தோம். ஐ.பி.எல். லீக் சுற்றில் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 14 ஆட்டங்கள். நடராஜன் 2022இல் 11 ஆட்டங்களில் 18 விக்கெட்டுகள். 2023இல் 12 ஆட்டங்களில் 10. 2024இல் 14 ஆட்டங்களில் 19. மூன்று பருவங்களில் 37 ஆட்டங்கள், 47 விக்கெட்டுகள். ஹைதராபாத் அணி 2024இல் இறுதி ஆட்டம்வரை சென்றதில் அவருக்கும் பங்குண்டு. இது படுத்துக் கிடந்தவரின் கணக்கா? 2025 பருவம் அவருக்கு இரண்டே ஆட்டங்களோடு முடிந்தது உண்மை. பழைய பெயர் மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

ஒரே துன்பத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைப்பதையும் கவனித்தோம். பும்ரா முதுகு வலியால் ஏறத்தாழ ஓராண்டு ஆடவில்லை. 2023இல் அறுவை செய்துகொண்டு திரும்பினார். 2024 உலகக் கோப்பையில் தொடர் நாயகன் ஆனார். அவர் ஓய்வெடுத்தால் ‘பணிச்சுமையைக் கவனமாகக் கையாளுகிறார்கள்’ என்கிறோம். இங்கிலாந்தின் ஆண்டர்சனுக்கு 2006இல் முதுகெலும்பில் விரிசல் கண்டது. அன்றே அவரை ஒதுக்கியிருந்தால், 2024இல் 188 டெஸ்ட்களில் 704 விக்கெட்டுகளோடு அவர் விடைபெற்றிருக்க முடியாது. பெரியவருக்கு ஓய்வு, எளியவருக்குச் சீக்கு என்று நம் நாக்கு தராசு பிடிக்கிறது.

சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் ஒருவரை ஒருவர் ஏளனம் செய்வதையும் தீய பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கிறது என்பதைச் சிறுவயதிலிருந்தே ஓதி வருகிறோம். ஒருவரிடம் உண்மையாகவே உள்ள குறையை அவர் வெறுக்கும் விதமாகப் பின்னால் பேசுவதே புறம் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதையும் கேட்டிருக்கிறோம். அந்த எச்சரிக்கை ஆட்டக்காரருக்கும் அண்டை வீட்டாருக்கும் மட்டுமே என்று எண்ணினோமோ, அல்லது அவர்களுக்கு இல்லை என்று எண்ணினோமோ, தெரியவில்லை. தேநீர்க் கடையில் அதை மறந்துபோனோம்.

அப்படியானால் அணியைத் தேர்ந்தெடுப்பவர் வீரரின் உடல்நிலையைப் பேசவே கூடாதா? பேசலாம், பேச வேண்டும். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் உள்ளதை உள்ளபடி எடுத்துச் சொன்னார்கள். கேட்டவருக்கு அது தேவையாக இருந்தது. சொன்னதும் குறிப்பான செய்தியாக இருந்தது. ‘இவருடைய முழங்காலில் 2021இல் அறுவை நடந்தது, தொடர்ந்து ஆடவைத்தால் கவனம் தேவை’ என்பது செய்தி. ‘இவர் சீக்காளி’ என்பது தீர்ப்பு. செய்திக்கு நாள் உண்டு, இடம் உண்டு, முடிவும் உண்டு. தீர்ப்பு மனிதர் குணமான பிறகும் அவரோடு நடக்கிறது.

எனவே எங்கள் முடிவு இது: நடராஜன் காயப்பட்டவர், அந்தக் காயத்தால் பெரிதும் இழந்தவர். சீக்காளி என்ற பெயருக்கு உரியவர் அல்லர்.

பெருநாளுக்கு மறுநாள் அம்மாவிடம் பழைய கணக்கு நோட்டுகளைக் கேட்டு வாங்கினோம். தறிக்கூலி வாரக் கூலி; அத்தா கொண்டுவந்து கொடுத்த ஒவ்வொரு வாரத் தொகையையும் அம்மா எழுதி வைத்திருந்தார். கூலி எழுதப்படாத வாரங்களை எண்ணினோம். இருபத்தெட்டு ஆண்டுகளில் முப்பத்தொன்று. அவற்றிலும் சில, நூல் விலை ஏறிக் கூடமே பூட்டிக் கிடந்த வாரங்கள். ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட வாரங்கள் உழைத்த மனிதரை, முப்பத்தொரு வாரங்களின் பெயரால் ஊர் அழைத்தது. நாங்களும் மறுத்துப் பேசவில்லை.

நோட்டை அத்தாவிடம் காட்டினோம். நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். “அய்யூப் நபிக்கு வந்த நோய் யாருக்கு வந்துச்சு? ஆனா அவங்களைப் பொறுமைக்காரர்னுதானே அல்லாஹ் சொல்லுதான்” என்றார். பிறகு நோட்டை மூடி அம்மாவிடம் கொடுத்தார். அன்றைய சிரிப்புக்காக நாங்கள் கேட்ட மன்னிப்புக்கு அவர் விடை சொல்லவில்லை. அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். நாங்களும் அவர் பின்னால் நடந்தோம்.

எங்கள் அண்ணன் மகன் தெரு அணியில் வேகப்பந்து வீசுபவன். சென்ற மாதம் அவனுக்குக் குதிகால் வீங்கியது. அவனைத் தேடி வந்த நண்பர்களிடம் வாசலில் நின்று அவன் சொன்னதை உள்ளிருந்து கேட்டோம்: “குதிகால்ல வீக்கம்டே. பத்து நாள்ல வந்துருவேன்.” அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடிபட்டவரைக் கண்டால் நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றவர் மீதுள்ள உரிமை. விசாரிக்கப் போகிற நாவு பெயர் வைத்துவிட்டு வராமல் இருக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக.