முகப்படமும் மூன்று அபிப்பிராயங்களும்

ஒருவரைப் படம் பிடித்து நண்பர்களுக்குக் காட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "நல்லா வந்திருக்கு." கேட்பதற்கு இனிமையான வார்த்தை. ஆனால் அடுத்த படத்தை எடுப்பதற்கு அது எவ்விதத்திலும் உதவுவதில்லை. ஓய்வுபெற்ற பின்னர் முகப்படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட எனக்கு இது அனுபவத்தில் தெரியவந்தது.

பத்திரிகை ஆசிரிய பீடத்தில் இத்தகைய உபசாரம் கிடையாது. "கண் தெளிவில்லை", "தலைக்குப் பின்னால் மரம் முளைத்திருக்கிறது", "கிட்ட நின்று எடுத்ததால் மூக்குப் பெருத்துவிட்டது" என்று சில சொற்களில் தீர்ப்பு வந்துவிடும். கடுமையான சொற்கள்தான், எனினும் ஒவ்வொன்றினுள்ளும் ஒரு பாடம் இருக்கும்.

ஈய எழுத்துக் காலத்தில் என்னோடு பணியாற்றிய அச்சுக்கோப்பாளர் ஒருவரை அண்மையில் அவருடைய வீட்டில் படம் பிடித்தேன். வயது எண்பதைக் கடந்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர், பக்கத்தில் யன்னல் வெளிச்சம். கமரா காட்டிய அளவில் ஒன்றும், அதைவிட ஒளியைக் கூட்டி ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுத்து, மூவரிடம் அபிப்பிராயம் கேட்டேன்.

முதலாமவர் அனுபவமிக்க பத்திரிகைப் படப்பிடிப்பாளர். "முதல் படத்தில முகம் இருட்டாக் கிடக்கு, இரண்டாவதுதான் சரி" என்றார். கமராவின் ஒளிமானி தான் காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணிக்கும். வெள்ளை மிகுந்த காட்சியில் அது ஒளியைக் குறைத்துவிடும். அப்போது கரிய முகத்தின் சுருக்கங்களும் கண்களும் நிழலில் மறைந்துபோகும்.

இரண்டாமவர் பெரியவரின் உறவினர். "இரண்டிலயும் கறுப்பாத்தான் தெரியிறார். கொஞ்சம் வெள்ளையாக்கித் தரேலாதோ?" என்று கேட்டார்.

இருட்டு என்றும் கறுப்பு என்றும் வந்த இவ்விரு குறைகளும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முன்னது வெளிச்சத்தைப் பற்றியது. பின்னது மனிதரின் நிறத்தைப் பற்றியது. முன்னதை ஏற்றுக்கொண்டேன். பின்னதை, அவர் மனம் நோகாதபடி மறுத்துவிட்டேன். எண்பது ஆண்டுகளாக அவர் சுமந்துவந்த முகத்தைத் திருத்தும் உரிமை எனக்கில்லை.

மூன்றாமவர் படத்திலிருந்த பெரியவரே. நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "என்ரை கையைக் காணேல்லையே, தம்பி?" என்றார். பல்லாண்டுகள் எழுத்துக் கோத்த கை அல்லவா? மறுவாரம் அவரது கைகளும் தெரியும்படி இன்னொரு படம் எடுத்தேன். அதுவே இப்போது அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

விமர்சனங்களைத் தரம் பிரித்துக் கேட்டவர்களில் ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். 1863இல், தமது 48ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவோடு படம்பிடிக்கத் தொடங்கியவர். அவருடைய படங்கள் தெளிவற்றவை என்றும், கண்ணாடித் தகட்டில் கைரேகையும் கீறலும் காணப்படுகின்றன என்றும் இங்கிலாந்தின் புகைப்படச் சஞ்சிகைகள் குறைகூறின. அவரோ வானியலாளர் ஹேர்ஷல், ஓவியர் வாட்ஸ் ஆகியோருக்குப் படங்களை அனுப்பினார்; தமது மென்மையான குவியத்தை மட்டும் கைவிடவில்லை.

1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்த அவர் 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். களுத்துறையிலும் மலையகத்திலும் வாழ்ந்த காலத்தில் இந்நாட்டு மக்களையும் அவர் படம் பிடித்தார். எஞ்சியிருப்பவை சிலவே. ஹேர்ஷல் போன்றோரின் முகங்கள் பெயரோடு வரலாற்றில் நிற்கின்றன. இங்கே கமராவின் முன் நின்றவர்களுட் பலரோ பெயரின்றியே நிற்கின்றனர். தம் படத்தைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

ஆகவே முகப்படம் எடுக்கும் அன்பர்களுக்கு என் யோசனை இதுதான்: "படம் எப்படி?" என்று பொதுவாகக் கேளாதீர்கள். கண் தெளிவா, வெளிச்சம் போதுமா என்று தொழில் தெரிந்தவரிடம் கேளுங்கள். "இது நீங்கள்தானா?" என்பதைப் படத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வேறெவராலும் பதில் சொல்ல இயலாது.